கொல்லைக் கதவு சாத்தும் நேரம்

நான் வாழவந்த வீட்டில் விளக்கு வைக்கும் நேரத்துக்கென்று இரண்டு கதவுகளைப் பற்றிய விதி உண்டு. வாசல் கதவு திறந்திருக்க வேண்டும். கொல்லைக் கதவு சாத்தியிருக்க வேண்டும். வாசல் வழியாக வரும் மகாலட்சுமி கொல்லை வழியாகப் போய்விடக் கூடாது என்பது காரணம். இடையில் இருக்கும் அறைக் கதவுகளைப் பற்றி விதி எதுவும் கிடையாது. அந்த நேரத்தில் ஒருவர் அறைக் கதவைச் சாத்திக்கொள்ளக்கூடும் என்று அங்கே யாருக்கும் தோன்றியதில்லை. ஆகவே விதி செய்ய வேண்டிய அவசியமும் நேரவில்லை.

நான் சாத்தினேன்.

எனக்குத் திருமணம் நடந்தபோது வயது முப்பத்து நான்கு. தஞ்சாவூரில் ஒரு பெண்கள் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். பிறந்தது திருவையாற்றில், மூன்று பேர் மட்டுமே இருந்த, அதிகம் பேசாத வீட்டில். கணவரின் ஊர் பாபநாசத்துக்குச் சற்று முன்னால், சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிறது. அவர் பாபநாசத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். ஊரில் இருக்கும் நிலத்தையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். வீட்டில் என் மாமியார் இருக்கிறார். அவரை அத்தை என்று அழைக்கிறேன். கணவரின் அண்ணன் சிங்கப்பூரில் வேலை பார்ப்பதால், அவருடைய மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் எங்களோடு இருக்கிறார்கள். அந்த ஓரகத்தி என்னைவிட வயதில் இளையவள். ஆனால் மூத்த மருமகள் என்பதால் முறைப்படி நான்தான் அவளை அக்கா என்று அழைக்க வேண்டும். நான் வந்த மறுநாளே அவள் அந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டாள்.

"நீங்க அக்கான்னு கூப்பிட்டா எனக்குத் தல நரச்ச மாதிரி இருக்கு. நான் டீச்சர்னு கூப்பிடுறேன். நீங்க என்ன வேணா கூப்பிட்டுக்குங்க."

நான் இன்றுவரை அவளை எதுவும் சொல்லி அழைக்காமலே சமாளித்து வருகிறேன்.

அது அன்பான வீடு. இதைச் சொல்லாமல் மேற்கொண்டு எழுதினால் எல்லாமே தவறாகப் புரிந்துகொள்ளப்படும். மாலையில் பேருந்தை விட்டு இறங்கி நான் வீட்டுக்குள் நுழையும்போது, அந்த அன்பு முழுவதும் ஒரே நேரத்தில் என்மேல் வந்து விழும். சின்னவள் தன் வீட்டுப்பாடத்தோடு ஓடி வருவாள். பெரியவள் அன்றைக்குப் பள்ளியில் யார் யாரோடு சண்டை என்று சொல்லத் தொடங்குவாள். ஓரகத்தியின் கைப்பேசியில் சிங்கப்பூரிலிருந்து மூத்தார் முகம் காட்டி, "என்னம்மா, பள்ளிக்கூடம்லாம் எப்படிப் போவுது?" என்று கேட்பார். கூடத்தில் தொலைக்காட்சித் தொடரில் யாரோ யாரையோ சபித்துக்கொண்டிருப்பார்கள். அத்தை காபியை ஆற்றியபடி, பகலில் தெருவில் நடந்த அத்தனையையும் எனக்காகச் சேர்த்து வைத்திருப்பார்.

பகலில் கேட்டவை மாலையில்தான் எனக்குள் வந்து சேரும். இது என் சிறுவயது முதலே இருக்கும் இயல்பு. வகுப்பில் ஒரு பெண் பதில் சொல்லும்போது குரல் உடைந்தால், அதை அப்போது கடந்துவிடுவேன். பேருந்தில் வரும்போது அந்தக் குரல் மறுபடி கேட்கும். தலைமையாசிரியை சொன்ன ஒரு சொல், சக ஆசிரியை சொல்லாமல் விட்ட ஒன்று, எல்லாம் ஒவ்வொன்றாக வரும். அவற்றை ஒருமுறை கேட்டுவிட்டு இறக்கி வைத்தால்தான் அடுத்த பேச்சுக்கு உள்ளே இடம் கிடைக்கும். திருவையாற்று வீட்டில் அதற்கு நேரம் இருந்தது. இங்கே, முந்தியவை இறங்குவதற்குள் புதியவை ஏறின. திருமணமான சில மாதங்களில், பேருந்து எங்கள் ஊரை நெருங்கும்போதே எனக்குத் தலைவலி தொடங்கிவிடும். இரவில் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் சாப்பாடு இறங்காது. குழந்தைகள் மடியில் ஏறும்போது உடம்பு தானாக ஒடுங்கியது. அதைச் சின்னவள் கவனித்துவிட்டு ஒருநாள் இறங்கிப் போனாள். அன்றுதான் பயந்தேன். எனக்குக் கொஞ்சம் தனித்த நேரம் கிடைக்காவிட்டால் இந்த மனிதர்களிடம் என்னால் அன்பாக இருக்க முடியாது. அவர்கள் அதை வெறுப்பு என்று எடுத்துக்கொண்டுவிடுவார்கள்.

முதலில் வீட்டுக்கு வெளியே முயன்றேன். ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி, வயல்களுக்கு நடுவே நடந்து வரலாம் என்று நினைத்தேன். பத்தடி நடப்பதற்குள் ஒரு பைக் வந்து நின்றது. "டீச்சர், பஸ்ஸு பிரேக்டவுனா? ஏறுங்க, வீட்டுல விட்டுடுறேன்." மறுத்தால் வண்டியை உருட்டிக்கொண்டே கூட வந்தார் அந்த மனிதர், பெண் பிள்ளையைத் தனியாக நடக்க விடுவதா என்று. கோயிலுக்குப் போய்ப் பிராகாரத்தில் உட்கார்ந்தேன். தனியாக உட்கார்ந்திருக்கும் புது மருமகளுக்குத் துணையிருப்பது தங்கள் கடமை என்று இரண்டு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். குளியலறையில் சற்று அதிக நேரம் இருந்து பார்த்தேன். கதவுக்கு வெளியே ஓரகத்தி, "டீச்சர், உள்ள தூங்கிட்டீங்களா? டேங்க்ல தண்ணி இருக்கா?" என்றாள்.

அதன் பிறகுதான் அறைக் கதவு. பள்ளியிலிருந்து வந்து, கை கால் கழுவி, எங்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, விளக்குப் போடாமல் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். புத்தகம்கூட எடுக்கவில்லை. இருட்டி முடியும்போது எழுந்து வெளியே வந்தேன். அன்று இரவு சின்னவளுக்கு நான்தான் சோறு ஊட்டினேன், இரண்டு கதை சொன்னேன், எனக்கும் பசித்தது. வழி கண்டுபிடித்துவிட்டேன் என்று எண்ணி அடுத்தடுத்த நாட்களும் சாத்தினேன். வெளியே வீடு படிப்படியாக அமைதியாகி வருவதை, எனக்காக அவர்கள் செய்யும் உதவி என்று நினைத்து மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை சிறப்பு வகுப்பு முடிந்து பிற்பகலில் வீடு திரும்பியபோது, வாசலில் என் அப்பாவின் செருப்பு கிடந்தது. பக்கத்தில் அம்மாவுடையது. கூடத்தில் அத்தை, ஓரகத்தி, கடையை மூடிவிட்டு வந்திருந்த என் கணவர், எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வாழைப்பழச் சீப்பு, ஆப்பிள், பந்தாகச் சுற்றிய மல்லிகைச் சரம். தொலைக்காட்சி அணைக்கப்பட்டிருந்தது, அந்த வீட்டில் அது அணைந்திருந்து நான் பார்த்ததில்லை. யாரோ இறந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அம்மா அழுதிருந்தாள்.

"என்ன கோவமா இருந்தாலும் வாயத் தொறந்து சொல்லணும்டி. வெளக்கு வைக்கிற நேரத்துல ரூமச் சாத்திக்கிட்டு உக்கார்றதா? சம்பந்தியம்மா போன் பண்ணதுலேருந்து எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

"யாருக்கும்மா கோவம்?"

"அதத்தான் உன்னக் கேக்க வந்திருக்கோம்."

நான் பதில் சொல்வதற்குள் அத்தை முந்திக்கொண்டார். "எம்மேலதான் கோவம், சம்பந்தியம்மா. எனக்குத் தெரியும். தீவாளிக்குச் சேலை எடுத்தப்ப மூத்தவளுக்குப் பெரிய பார்டர், இவளுக்குச் சின்ன பார்டரா போயிடுச்சு. அந்தக் கலர்ல பெருசு இல்லன்னு கடையில சொல்லிட்டாங்க. நான் வேற கடைக்குப் போயிருக்கணும். கால் வலின்னு விட்டுட்டேன்."

"அது இல்ல அத்தை," என்றாள் ஓரகத்தி, தலையைக் குனிந்தபடி. "எம்மேலதான். எங்கம்மாகிட்ட போன்ல சொல்லிட்டு இருந்தேன், டீச்சர் சுடுற தோசை காம்பஸ் வச்சு வரஞ்ச மாதிரி இருக்கும், உள்ளதான் வேகாதுன்னு. அன்னக்கி இவங்க பின்னாடிதான் நின்னாங்க. நான் பாக்கல."

என் கணவர் தொண்டையைச் செருமினார். "நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தேன். நடவு வந்துடுச்சு. அதுக்கப்புறம் உரம் வந்துடுச்சு. ஒரு தடவ சொல்லிட்டு, அதோட விட்டுட்டேன்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்தச் சேலையின் சின்ன பார்டர் எனக்குப் பிடித்திருந்தது. தோசையைப் பற்றிய விமர்சனம் என் காதில் விழவில்லை. ஆனால் அது உண்மை. நாகூரில் இருக்கும் கூட்டத்தை எண்ணி, அந்தப் பயணம் தள்ளிப்போனதில் எனக்கு உள்ளூர நிம்மதிதான். நான் ஜன்னலோரம் அமைதியாக உட்கார்ந்திருந்த அந்த மாலைகளில், கதவுக்கு இந்தப் பக்கம் இவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் குற்றத்தைத் தேடி எடுத்து, அதைச் சுமந்துகொண்டு நடமாடியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சிரித்தேன். அம்மாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை.

"சிரிக்கிறா பாருங்க."

"அம்மா, யார்மேலயும் எனக்குக் கோவம் இல்ல. நாள் பூரா பேசிட்டு வர்றேன். வந்த ஒடனே கொஞ்ச நேரம் யாரும் எதுவும் கேக்காம இருந்தா, அப்புறம் என்னால எல்லார்கிட்டயும் நல்லா இருக்க முடியும். அவ்வளவுதான்."

சொன்னபோது அது எனக்கே மிகவும் சின்ன விஷயமாக ஒலித்தது. இதற்காகவா திருவையாற்றிலிருந்து இரண்டு பேர் பேருந்து மாறி வந்தார்கள் என்று வெட்கமாக இருந்தது. அம்மா அத்தையின் பக்கம் திரும்பி, "அவ இனிமே சாத்த மாட்டா, சம்பந்தியம்மா. நான் சொல்றேன்" என்றாள். விஷயம் அங்கேயே முடிந்துபோயிருக்கும். நான் தலையாட்டியிருப்பேன், மறுநாளிலிருந்து தலைவலியோடு காபி குடித்துக்கொண்டு தெருக்கதை கேட்டிருப்பேன்.

அதுவரை பேசாமலிருந்த அப்பா, வாழைப்பழச் சீப்பைப் பார்த்தபடி சொன்னார்: "அது சின்னதுலேருந்தே அப்படித்தான். கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போவட்டுமே."

அப்பா தினமும் மாலையில் படித்துறைக்குப் போவார். "ஆத்துல தண்ணி எவ்வளவு போவுதுன்னு பாத்துட்டு வர்றேன்" என்பார். தண்ணீரே வராத மாதங்களிலும் மணலைப் பார்க்கப் போனார். அம்மா ஒருநாளும் அதற்குக் காரணம் கேட்டதில்லை. என் கணவர் கடையிலிருந்து வந்ததும், "வயலப் பாத்துட்டு வந்துடுறேன்" என்று கிளம்பிவிடுவார். அறுவடை முடிந்து வெறும் தாள் நிற்கும் வயலையும் பார்த்துவிட்டு வருவார். ஆற்றுக்கும் வயலுக்கும் கதவு இல்லை. ஆதலால் அவர்கள் எதையும் சாத்தியதாக யாரும் சொல்வதில்லை. அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் இதைப் புரிந்துகொண்டேன். வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய எனக்கு ஒரு கதவு தேவைப்பட்டிருக்கிறது.

அத்தை என் அம்மாவுக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சொன்னார். "நீ உக்கார்றத நான் வேணாங்கலம்மா. கதவு சாத்தியிருந்தா, உள்ள நீ அழுவுறியோன்னு தோணுது. காபிய எடுத்துக்கிட்டு வந்து கதவுகிட்ட நிக்கிறேன். தட்டவும் பயமா இருக்கு, திரும்பிப் போவவும் மனசு வரல. ஆறிப்போன காபிய நானே குடிச்சுட்டு இருக்கேன், தெனமும்."

நான் ஜன்னலோரம் இருந்த அத்தனை மாலையும், இவர் கதவுக்கு அந்தப் பக்கம் தம்ளரோடு நின்றிருக்கிறார்.

அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் ஓரகத்திதான் பேசினாள். அவளால் எந்த மௌனத்தையும் தாங்க முடியாது. "கதவுதான் சாத்தணும்னா, கொல்லக் கதவ சாத்தட்டுமே டீச்சர். தெனமும் வெளக்க ஏத்தினதும், 'ஏய், கொல்லக் கதவு'ன்னு அத்தை கத்துறாங்க. நாந்தான் கைவேலையப் போட்டுட்டு ஓடி ஓடிச் சாத்துறேன். படிச்சவங்களுக்கு ஒரு வேலை குடுத்த மாதிரியும் இருக்கும்."

கேலிதான். என் கணவர்கூடச் சிரித்தார். ஆனால் அந்தக் கொல்லைக் கதவு என் கண்முன் வந்து நின்றது. அதற்கு அப்பால் கிணற்றடி, துவைக்கும் கல், ஒரு முருங்கை, வாழைக் கொத்து, மாட்டுக் கொட்டகை, வேலிக்குப் பின்னால் வாய்க்கால், அதற்கும் பின்னால் எங்கள் வயல். அந்த நேரத்தில் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். விதிப்படி எல்லோரும் உள்ளே வந்திருப்பார்கள்.

"அத்தை," என்றேன், "கதவ வெளிப்பக்கமா நின்னு சாத்தினா தப்பா?"

அத்தை இந்தக் கேள்வியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. விதிகளில் நம்பிக்கை உள்ளவர்களுக்கே உரிய கவனத்தோடு அதை யோசித்தார். என் அம்மாவைப் பார்த்தார், அம்மாவும் யோசித்தாள். இரண்டு சம்பந்திகளும் தங்கள் தங்கள் வீட்டு வழக்கங்களை மனதுக்குள் புரட்டிப் பார்ப்பது தெரிந்தது.

"சாத்தியிருக்கணும்னுதான் சொல்லுவாங்க," என்றார் அத்தை கடைசியாக. "சாத்துன ஆளு எந்தப் பக்கம் நிக்கணும்னு யாரும் சொன்னதில்ல."

"எங்க வீட்டுலயும் சொன்னதில்ல," என்றாள் அம்மா.

பிறகு நிபந்தனைகள் வந்தன. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு உட்காரக் கூடாது. செருப்புப் போட்டுக்கொள்ள வேண்டும், பூச்சி பொட்டு இருக்கும். மழை என்றால் மாட்டுக் கொட்டகைக்குள் போய்விட வேண்டும். காபியைக் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். கடைசி நிபந்தனையை அத்தை இரண்டு முறை சொன்னார். அம்மா மல்லிகையை இரண்டாக நறுக்கி, ஒன்றை ஓரகத்தியின் தலையிலும் மற்றதை என் தலையிலும் வைத்தாள். அப்பா ஆப்பிள் ஒன்றை எடுத்துக்கொண்டு, கொல்லையைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனார்.

அன்று மாலையே தொடங்கிவிட்டேன். காபியைக் குடித்து முடித்து, தம்ளரை அலம்பிக் கவிழ்த்துவிட்டு, பின்பக்கம் போய்க் கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினேன். கிணற்றடியில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி போடப்பட்டிருந்தது. யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. நாற்காலியின் காலில் சின்னவளின் கிரேயான் கிறுக்கல் இருந்ததால், குழந்தைகள் படிக்கும் இடத்திலிருந்து ஓரகத்தி எடுத்துவந்தது என்று தெரிந்தது.

அங்கே நான் செய்வதாகச் சொல்லிக்கொள்ள எதுவுமில்லை. உட்கார்ந்திருப்பேன். குறுவைக் காலத்தில் வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். சம்பாவில் தவளைகள். அடைமழை நாட்களில் கொட்டகையில் பசுவின் பக்கத்தில் நிற்பேன்; அது அசைபோடுவதை நிறுத்தாமல் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அந்த அளவு கவனிப்பு எனக்குப் போதுமானதாக இருந்தது. பகலின் குரல்கள் ஒவ்வொன்றாக வரும். குரல் உடைந்த பெண்ணை நாளைக்குத் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்று தோன்றும். தலைமையாசிரியை சொன்னதில் எனக்கான பங்கு எவ்வளவு என்பது தெளிவாகும். மீதி அவருடைய அன்றைய அலுப்பு என்று விட்டுவிடுவேன். வயலுக்கு மேல் வெளிச்சம் முழுக்கப் போன பிறகு கடைசிக் குரலும் ஓய்ந்துவிடும். கதவிடுக்கில் சாம்பிராணி வாசனை வரும். தொலைக்காட்சியில் சபிப்பவர்களின் சத்தம் சாத்திய கதவைத் தாண்டி வரும்போது, ஏதோ அடுத்த ஊர்த் திருவிழாவைப் போல அதுவும் இதமாகவே இருக்கும். சில நாட்களில் என் கணவர் வயலிலிருந்து வரப்பு வழியாகத் திரும்பி வருவார். என்னைக் கடக்கும்போது பேச மாட்டார். கைவிளக்கை ஒருமுறை தரையில் காட்டிவிட்டு, பக்கவாட்டுச் சந்து வழியாக வாசலுக்குப் போய் உள்ளே நுழைவார்.

தலைவலி எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. சின்னவள் மீண்டும் மடியில் ஏறத் தொடங்கியது மட்டும் நினைவிருக்கிறது. தோசை இப்போதும் சரியாக வேகாது.

போன தை மாதத்தில், அத்தைக்கு ஒன்றுவிட்ட தங்கை நாகூர்ப் பக்கமிருந்து வந்து தங்கினார். நன்றாகப் பேசுவார்; பேச்சுக்கு நடுவே மூச்சு விடுவதைக்கூட ஒத்திப்போடுவார். அவர் வந்த நாளில் நான் பள்ளியிலிருந்து திரும்பி, அவரை வணங்கி, காபி குடித்துவிட்டு, விருந்தாளி இருக்கும்போது கொல்லைக்குப் போவது முறையா என்று தயங்கி நின்றேன். அத்தை விளக்குத் திரியை நிமிண்டிக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "ஏம்மா, கொல்லக் கதவு" என்றார்.

போய்ச் சாத்தினேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். வேலிக்கு அப்பால் வயல் அறுவடைக்குத் தயாராக நின்றது; இருட்டிலும் அந்த மஞ்சள் லேசாகத் தெரிந்தது. சற்று நேரம் கழித்து உள்ளேயிருந்து விருந்தாளியின் குரல் கேட்டது.

"சின்ன மருமவ எங்க? இப்பதான பாத்தேன்?"

"கொல்லக் கதவ சாத்தப் போயிருக்கா," என்றார் அத்தை.

"இவ்வளவு நேரமாவா?"

நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க வீட்டுக் கதவு கொஞ்சம் கனம்," என்றார் அத்தை.

ஓரகத்தி களுக்கென்று சிரிப்பதும், அதை இருமலாக மாற்றுவதும் கேட்டன. பிறகு அவள் விருந்தாளியிடம் நாகூரில் மழை எப்படி என்று விசாரிக்கத் தொடங்கினாள்; இனி அந்தப் பேச்சு எளிதில் முடியாது என்று எனக்குத் தெரியும். கைப்பிடியை விட்டுவிட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். அன்றைய குரல்கள் இன்னும் இரண்டு மூன்று மிச்சமிருந்தன. அவற்றை அவசரப்படுத்தாமல் கேட்டு முடித்தேன். பிறகு எழுந்து, நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திவிட்டு, கதவைத் திறந்தேன். நல்ல லேசான கதவு அது, ஒரு விரலால் தள்ளினால் போதும். உள்ளே போய் விருந்தாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, "சொல்லுங்க சின்னத்தை, பிரயாணம்லாம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். அவர் சொல்லத் தொடங்கினார். முழுக்கக் கேட்டேன்.